தங்கப் பெயிண்ட் அடித்த பேஸ் கிட்டார்

போட்டோவைப் பார்த்து விலை சொல்ல முடியாது. இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால் போதும், ஃபோன் கத்துகிறது. திறந்து பார்த்தால் கட்டில்மேல் ஒரு பேஸ் கிட்டார், பக்கத்தில் தலையணை, தலையணைமேல் ஒரு பூனை. கீழே ஒரே ஒரு வரி: "ஆன்ட்டி, இது எவ்ளோ போகும்?" வணக்கம் கிடையாது. யாருடையது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் கிடையாது. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு கடையில்தான் என் காலம் போனது. வந்த கருவிக்கு மதிப்புச் சொல்வது என் வேலை. கடையை இப்போது நடத்துகிறவள் மெய் லிங், என் பழைய முதலாளியின் மகள். போன வாரம் அவள் ஃபோன் செய்தாள். புதிதாக ஏதோ ஆப் வந்திருக்கிறதாம், படம் எடுத்துப் போட்டால் அதுவே விலை சொல்லிவிடுமாம். கடைப் பிள்ளைகள் அதை நம்பி வாங்கிப் போட்ட மூன்று கிட்டாரும் மூலையில் கிடக்கிறதாம். "ஆன்ட்டி, நீங்க எப்படிப் பார்ப்பீங்கன்னு எழுதிக் குடுங்க, ப்ளீஸ் லா" என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் கெஞ்சினாள். எழுதுகிறேன் தாயே. தமிழில்தான் எழுத வரும், யாரையாவது வைத்துப் படித்துக்கொள் என்றேன்.

வேலை கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுக் கல்லாவில் உட்காரத்தான் போனேன். கூட்டம் இல்லாத நேரத்தில் துடைத்தேன், தந்தி மாற்றினேன், ஒயருக்கு ஈயம் பற்றவைத்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன். சில வருஷத்தில் ஸ்க்ரூ டிரைவர் என் கைக்கு வந்துவிட்டது. கிள்ளானிலிருந்து தினமும் ரயில். அந்த ரயில் என்றைக்காவது நேரத்துக்கு வந்திருந்தால் என் தலைமுடி இன்னும் கொஞ்சம் கறுப்பாக இருந்திருக்கும்.

கடைக்கு வருகிற ஆண்கள் என்னைப் பார்க்கமாட்டார்கள். என் தலைக்குமேல் எட்டிப் பார்ப்பார்கள். "பாஸ் இல்லையா?" என்பார்கள். இருக்கிறார், என்ன விஷயம் என்றால், "இல்ல, கிட்டார் விஷயம்" என்பார்கள், நான் ஏதோ மீன் விற்க உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு. உள்ளேயிருந்து என் முதலாளி லாய் குரல் கொடுப்பார்: "அவ பாக்கும். நான் காப்பி குடிக்கும்." அதோடு சரி.

லாய் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் பேசுவார். ஆனால் அவர் தமிழில் யாருக்கும் மரியாதை கிடையாது, கடவுளுக்கும் கிடையாது. எல்லாம் 'வா, போ, திற, மூடு'தான். கோபப்பட்டால் குரல் உயராது, இறங்கும். கேட்பதற்கு நாம் குனிய வேண்டியிருக்கும். நான் வளவளவென்று வாடிக்கையாளரிடம் பேசினால், "சுசிலா, வாய் மூடு, ஸ்க்ரூ திற" என்பார். அவரோடு சண்டை போடாத வாரம் கிடையாது. ஆனால் இரண்டு விஷயத்தில் அவர் சொன்னதை நான் மீறியதில்லை.

முதலாவது, வந்தவரிடம் எடுத்த எடுப்பில் கேட்க வேண்டிய கேள்வி. "விக்க வந்தியா, தெரிஞ்சிக்க வந்தியா?" இரண்டும் ஒன்றுதானே என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். ஒன்றில்லை. விற்க வந்தவரிடம் கடை வாங்கக்கூடிய விலையைச் சொல்ல வேண்டும். அதில் ரிப்பேர் செலவு உண்டு, விற்காமல் கிடக்கும் காலம் உண்டு, கடை வாடகை உண்டு. தெரிந்துகொள்ள வந்தவருக்கு உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும், நல்லதையும் கெட்டதையும். அதற்கு ஒரு சின்னக் கட்டணம் வாங்குவோம். தெரிந்துகொள்ள வந்தேன் என்று சொல்லிவிட்டு, உண்மையைக் கேட்டதும் "அப்ப எடுத்துக்கோங்க" என்பவரிடம் அன்றைக்கு வாங்கமாட்டோம். வீட்டுக்குப் போ, யோசி, இன்னொரு நாள் வா. இதனால் எத்தனை நல்ல கருவிகள் அடுத்த தெருக் கடைக்குப் போயின தெரியுமா? எனக்கு வயிறு எரியும். லாய் காப்பியைத்தான் ஆற்றிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, பிரித்துப் போட்ட நிலையில் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் பூட்டி, தந்தி ஏற்றி, சுருதி சேர்த்து, வந்த மாதிரியே மேசைமேல் வைத்த பிறகுதான் பேச வேண்டும். துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்க்கிற சொந்தக்காரர் நாம் சொல்வதைக் கேட்கமாட்டார். நாம் உடைத்துவிட்டோம் என்றுதான் நினைப்பார்.

இனி, எப்படிப் பார்ப்பது. பழைய பேஸ் கிட்டார் வந்தால் தலையில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்த ஸ்டிக்கர் இன்று யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கிறது. நம்பர் பொறித்த தகட்டையும் நம்பாதீர்கள், கழற்றி மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் தந்திகளைத் தளர்த்துங்கள். கீழே தடித்த துணி விரித்துக் கவிழ்த்துப் போடுங்கள். கைப்பிடிக் கட்டையை, அதாவது நெக்கை, உடம்போடு பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றி, எந்த ஓட்டையிலிருந்து எது வந்தது என்று தெரிகிற மாதிரி தட்டில் வையுங்கள். நெக்கை அசைத்து அசைத்து எடுங்கள், பிடுங்காதீர்கள். அதன் அடிப்பக்கத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், செய்தவர்கள் மாதமும் வருஷமும் குறித்திருப்பார்கள். பிறகு முன்பக்கத்து பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கிப் பாருங்கள். வெயில் படாத இடம் அது, முதல் நிறம் அங்கேதான் தங்கியிருக்கும். வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள பாகத்திலும் நம்பர் இருக்கும். அது நெக்கில் இருக்கும் வருஷத்தோடு ஒத்துப் போக வேண்டும். உள்ளே ஒயர்களை ஒட்டியிருக்கும் ஈயம் பழையதாக மங்கியிருக்கிறதா, பளபளக்கிறதா என்று பாருங்கள். பளபளத்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவுதான் தொழில். இதை எழுதிக் கொடுத்ததோடு முடித்துவிடலாம். ஆனால் பார்வதி அக்கா வந்த நாளை எழுதாமல் விட்டால் நான் எழுதிய எதுவும் எழுதியதாகாது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சனிக்கிழமை, அந்த அம்மா கிள்ளானிலிருந்து மகனோடு வந்தார். மகன் பெயர் குமரன். துறைமுகத்தில் ஒரு லோரி கம்பெனியில் வேலை. பெட்ஷீட்டில் சுற்றிய ஒன்றைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தான். வைத்ததும் என் தலைக்குமேல் எட்டிப் பார்த்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, நெட்ல பாத்துட்டோம். அமெரிக்கா பீஸ். ஒரு காடி விலை சொல்றாங்க. அப்பாவோடது" என்றான். எங்கள் ஊரில் கார்தான் காடி.

உள்ளேயிருந்து லாய் வெளியே வந்தார். "விக்க வந்தியா, தெரிஞ்சிக்க வந்தியா?"

"விக்க" என்றான் குமரன்.

"தெரிஞ்சிக்க" என்றார் பார்வதி அக்கா, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாய், "ரெண்டு பேரு ஒண்ணு சொல்லு. அப்புறம் சுசிலா பாக்கும்" என்று நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். பிறகென்ன, கடைக்குள்ளேயே சண்டை.

"ம்மா, வர்ற வழியெல்லாம் பேசிட்டுதானே வந்தோம்! புதுக் காடிக்கு டெபாசிட் கட்டலாம்னு நீதானே தலையாட்டுன?"

"தலையாட்டுனேன். நீ காடிய ஓட்டிக்கிட்டே என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தா, ஆட்டாம என்ன பண்றது? ரோட்டப் பாக்க வேணாமா?" என்ற பார்வதி அக்கா என் பக்கம் திரும்பினார். "இந்தாம்மா, எனக்கு விலை வேணாம். இது ஒரிஜினலா, காப்பியா? அத மட்டும் சொல்லு."

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். சொல்லாமல் இருக்க முடியாத நிலையில்தான் அவர் இருந்தார்.

அவர் கணவர் மணியம் பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வார இறுதியில் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். கல்யாணமான புதிதில், கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார், தன் அமெரிக்க பேஸ் கிட்டாரை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஓடியிருக்கிறார். கையில் காசில்லை. பார்வதி அக்காவின் கழுத்தில் அவருடைய அம்மா போட்டனுப்பிய இரட்டைவடச் சங்கிலி இருந்தது. அது போனது.

"அப்புறம் வேற சங்கிலி வாங்கிக் குடுத்தாரு, இல்லன்னு சொல்லல. ஆனா அது எங்கம்மா போட்டதாவுமா?" என்றார்.

சங்கிலி போனதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பார்வதி அக்காவுக்கு ஒரு பெரியண்ணன் இருந்தார். உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நம்மில் குடும்பத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார், அவரைக் கேட்காமல் நாம் குக்கர்கூட வாங்கமாட்டோம். பார்வதி அக்காவின் தங்கச்சி கல்யாணத்தில், மேடையில் மணியம் வாசித்து முடித்து இறங்கியதும், பந்தியில் எல்லார் முன்னாலும் அந்த அண்ணன் சொல்லியிருக்கிறார்: "மாப்ள, இது ஜப்பான் காப்பி. நல்லா தலையில கட்டிட்டான் பிலிப்பைன்ஸ்காரன்." எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பார்வதி அக்காவுக்குக் கழுத்து அப்போதுதான் வெறுமையாகத் தெரிந்திருக்கிறது.

"அன்னிலேருந்து நான் விடலம்மா. அரிசி வாங்க மறந்தா அதச் சொல்வேன். பஸ்ஸு ரிப்பேர்னா அதச் சொல்வேன். ஏமாந்த ஆளுன்னுதான் பேரு. புள்ளைங்களும் 'அப்பாவோட டூப்ளிகேட்டு'ன்னு சொல்லுங்க. அவரும் 'இது ஒரிஜினல்தான் பார்வதி'ன்னு கொஞ்ச நாளு சொன்னாரு. அப்புறம் சொல்றத விட்டுட்டாரு."

"இப்ப ஏன்கா கேக்குறீங்க?"

"இவன் நெட்டுல பாத்துட்டு ஒரிஜினலு, ஒரிஜினலுன்னு குதிக்கிறான். எனக்குத் தூக்கம் போச்சு."

லாய் உள்ளேயிருந்து தாழ்ந்த குரலில், "தெரிஞ்சிக்க. சரி. சுசிலா, திற" என்றார். குமரன் முகம் தொங்கிவிட்டது.

நான் பெட்ஷீட்டை விலக்கினேன். அடக் கடவுளே!

தங்கம். முழுவதும் தங்க நிறம். உடம்பு முழுக்க, முன்னும் பின்னும், பளபளவென்று எண்ணெய்ப் பெயிண்ட். பிரஷ் ஓடிய கோடுகூடத் தெரிந்தது. ஒரு பக்கம் பெயிண்ட் வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. பிரஷ் மயிர் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் தொழிலில் எத்தனையோ கொடுமைகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"யார் பார்த்த வேலை இது?" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"நான்தான் ஆன்ட்டி" என்றான் குமரன், பாராட்டப் போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ. "அப்பா தவறுன வருஷம் தீபாவளி கொண்டாடல. அடுத்த வருஷம் வீட்டுக்கு, கேட்டுக்கு எல்லாம் புதுசா பெயிண்ட் அடிச்சோம். கேட்டு மேல அம்பு மாதிரி இருக்கும்ல, அதுக்கு வாங்குன கோல்டு மிச்சம் இருந்துச்சு. இது அப்பா படத்துக்குப் பக்கத்துல சாமி ரூம்ல இருந்துச்சு, அழுக்கா, அங்கங்க உரிஞ்சிபோயி. நல்ல நாள் அதுவுமா அப்பா பொருள் மட்டும் அப்படிக் கெடக்கலாமா? அதான் அடிச்சேன்."

என்ன சொல்வது? நம்மவர்கள் தீபாவளி வந்தால் பெயிண்ட் அடிக்காமல் எதை விட்டிருக்கிறோம்? கேட்டு, பூந்தொட்டி, கோழிக்கூண்டு, வாசல் கல். அவன் அப்பாமேல் உள்ள பாசத்தில் செய்திருக்கிறான். பாசத்தில் செய்கிற வேலைக்குத் திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது. "வாய் மூடு" என்றது உள்ளேயிருந்து குரல். மூடிக்கொண்டேன்.

ஸ்க்ரூ தலைகள் எல்லாம் பெயிண்டில் மூடிக் கிடந்தன. பிளேடு முனையால் ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் வெட்டி, பள்ளத்தில் இருந்ததைச் சுரண்டி, அதன் பிறகே டிரைவர் வைக்க முடிந்தது. அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும். பார்வதி அக்கா நாற்காலியில் உட்காராமல், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்தபடி நின்றார். நான்காவது ஸ்க்ரூவும் வந்தது. நெக்கை மெல்ல அசைத்து எடுத்தேன். அடிப்பக்கத்தில் டார்ச் அடித்தேன். பென்சில் எழுத்து. மங்கியிருந்தது, ஆனால் இருந்தது. அறுபதுகளின் நடுவில் ஒரு மாதம், ஒரு வருஷம்.

அது மட்டும் போதாது. நெக் ஒன்றாகவும் உடம்பு வேறாகவும் சேர்த்துக் கட்டியவை நிறைய வரும். பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றிப் பெயிண்டை வெட்டி, அதைத் தூக்கினேன். மகராசன் தகட்டைக் கழற்றாமல் சுற்றி மட்டும் அடித்திருக்கிறான்! அடியில் பழைய நிறம் அப்படியே இருந்தது. ஓரத்தில் கறுப்பு, பிறகு சிவப்பு, நடுவில் பழுத்த மஞ்சள், ஒன்றோடொன்று கரைந்து. வால்யூமுக்கு அடியில் இருந்த நம்பரும் அதே வருஷம். ஈயம் மங்கல், யாரும் கை வைக்கவில்லை. மணியம் அதைப் பொன்போல வைத்திருந்தார்.

நான் லாயைப் பார்த்தேன். அவர் எப்போது எழுந்து வந்தாரோ, என் தோளுக்குப் பின்னால் நின்று கொண்டிருந்தார். "பூட்டு" என்றார்.

பூட்டினேன். தந்தி ஏற்றினேன். சுருதி சேர்த்தேன். ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன், மேசை அதிர்ந்தது. தங்கத்தைத் துணியால் துடைத்து, வந்த மாதிரியே வைத்தேன்.

"ஒரிஜினல்தான்கா" என்றேன். "நெக்கு, பாடி, உள்ள இருக்கற பாகம் எல்லாம் ஒண்ணா பொறந்தது. ஒண்ணுகூட மாத்தல."

"எவ்ளோ ஆன்ட்டி?" குமரன் பாய்ந்து வந்தான்.

"நீங்க சொன்ன காடி வாங்கியிருக்கலாம், தம்பி. பெயிண்ட் அடிக்காம இருந்திருந்தா. இப்ப நல்ல மோட்டார் சைக்கிள் ஒண்ணு வாங்கலாம், அவ்ளோதான்."

"பெயிண்ட எடுத்துட்டா?"

"இது கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட். கீழ இருக்கற பழைய பூச்ச தின்னுட்டுதான் உக்காந்திருக்கு. சொரண்டுனா அதுவும் சேந்து வரும். விடுங்க, தொடாதீங்க. இனிமேலாவது தொடாதீங்க!"

அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவமாக ஒரு பக்கம். அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பார்வதி அக்காவை நான் கவனிக்கவில்லை.

"நல்லாப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்கா."

"எங்கண்ணன் காப்பின்னாரே."

"அவரு தொறந்து பாத்தாரா?"

"இல்ல." கைப்பையை மேசைமேல் வைத்தார். பிறகு, "காப்பின்னே சொல்லியிருக்கலாம்ல நீ" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து அவ்வளவு ஸ்க்ரூவையும் சுரண்டி, முதுகு ஒடிந்து, உண்மையைச் சொன்னால் இதா பேச்சு? இத்தனை வருஷத்தில் போலியை ஒரிஜினல் என்று சொல்லச் சொல்லி என் காலைப் பிடிக்காதவர்கள் குறைவு. ஒரிஜினலைப் போலி என்று சொல்லச் சொன்னவர் இவர் ஒருவர்தான். "ஏன்கா, நீங்கதானே கேட்டீங்க?" என்றேன்.

"கேட்டேன். நீ ஒரிஜினல் இல்லன்னு சொல்லுவேன்னுதான் கேட்டேன்."

நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

"எங்க வீட்டுக்காரரு ஒரு தடவ கூப்பிட்டாரு" என்றார் பார்வதி அக்கா. "பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கடை இருக்கு, தொறந்து பாத்துச் சொல்லுவாங்க, வா போலாம்னு கூப்பிட்டாரு. வீட்டுக்குள்ள இருக்கற அசிங்கம் போதும், கடை வரைக்கும் வேணாம்னு நான்தான் நிறுத்திட்டேன். ஆஸ்பத்திரில கடைசியா இருக்கறப்ப கூட சொன்னாரும்மா. 'ஒரிஜினல்தான் பார்வதி'ன்னாரு. சும்மா படுங்கன்னேன்."

குமரன் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவையே பார்த்தான். லாய் ஸ்டூலைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் வைத்தார். நாற்பது வருஷத்தில் லாய் ஒருவருக்கு நாற்காலி போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "உக்காருங்க" என்றார். 'உக்காரு' இல்லை, 'உக்காருங்க'. பார்வதி அக்கா உட்காரவில்லை. கையை நீட்டி, வழிந்து காய்ந்திருந்த பெயிண்டை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது நான் தொழிலைப் பிடித்துக்கொள்வேன். "கடை லெட்டர்ஹெட்ல எழுதித் தரட்டுமாக்கா? ஒரிஜினல்னு, முத்திரை வச்சு?" என்றேன்.

"யாருக்குக் காட்ட?" என்றார் பார்வதி அக்கா. "சொன்ன அண்ணனும் செத்துட்டாரு. என் பேச்சக் கேட்டுக்கிட்டு இருந்த மனுஷனும் போயிட்டாரு. நான் ஒருத்திதான் பாக்கி. எனக்குத்தான் இப்பத் தெரிஞ்சுபோச்சே."